இரண்டரை விநாடி

டயரில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு,
புளோக்கின் கீழ்த்தளத் தரையில் ஒரு கோடு.
உருட்டினேன்.
டயர்க் கோடு மறுபடி தரையைத் தொட்டபோது
இரண்டு மீட்டர் ஒன்பது.
ஏறி உட்கார்ந்துதானே ஓட்டுவாய் என்றாள்
தையல் நாடாவை இரவல் தந்த
இரண்டாம் மாடி சரிமா.
ஏறி உருண்டேன், அவள் குனிந்து அளந்தாள்.
நாடா ஒன்றரை மீட்டரோடு முடிந்துவிட
விரல் வைத்து மிச்சத்தையும் கூட்டிச் சொன்னாள்:
இரண்டு மீட்டர் ஏழு.

ஆக என் எடை
இரண்டு சென்டிமீட்டர்.
கிளினிக் இயந்திரம் காட்டுவதைவிட
இது பிடித்திருக்கிறது.

நுண்கட்டுப்படுத்தி, சிம் லிம் டவரில்,
நான்கு வெள்ளி எண்பது காசு.
முள்கவையில் கட்டியது ஒரு கண்ணாடிக் குழாய்,
அரிசியைவிடச் சற்றே நீளம்,
உள்ளே இரண்டு உலோக நாக்கு.
காந்தம் அருகே வந்தால் ஒட்டும், போனால் பிரியும்.
வேறு பேச்சு தெரியாது.
காந்தத்தை
நீலவேணி விட்டுப்போன கைப்பையின் கொக்கியிலிருந்து
திருகி எடுத்தேன்.
சைக்கிளும் அவள் விட்டுப்போனதுதான்.

வரவேற்பறையில் தலைகீழாக நிறுத்திக்
கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டேன்.
மணிக்கு ஏழாயிரத்து நானூற்று ஐம்பத்திரண்டு கிலோமீட்டர்.
ஐந்தரை மணி நேரத்தில் பூமியை ஒரு வலம்.
பூங்கா இணைப்புப் பாதையில் இருபத்தைந்தைத் தாண்டினாலே
அபராதம்.

நாக்குகள் ஒரு தடவையில் தொட்டு முடிப்பதில்லை,
தொட்டுத் துள்ளித் துள்ளித் தொடும்.
முதல் முத்தம் மாதிரி என்று எழுதலாம்,
எழுதவில்லை. நிரலில் எழுதினேன்:
ஒரு சொடுக்குக் கேட்டதும்
இருபது மில்லிவிநாடி காதைப் பொத்திக்கொள்.

சனிக்கிழமை, மழை விட்ட சாலை.
மார்சிலிங் சந்திப்பில் சிவப்பு.
ஒரு கால் தரையில்.
கைப்பிடியில், மிட்டாய்த் தகரடப்பாவின் வெட்டிய சன்னலில்,
14.2.
பக்கத்தில் நின்ற உணவு விநியோக ஆள்
எட்டிப் பார்த்துவிட்டு
நின்றுகொண்டிருந்த என் சக்கரத்தையும் பார்த்தான்.
14.2.
சிரிக்காமலிருக்கப் பாடுபட்டான், பாவம்.

பிழை அதன்மேல் இல்லை.
கடைசி இரண்டு சொடுக்குக்கு நடுவே போன நேரம்,
அதைத்தான் அது வேகம் என்கிறது.
அடுத்தது வரும்வரை
கடைசியாகத் தெரிந்ததையே சொல்லிக்கொண்டிருக்கும்.
வராத சொடுக்கும் ஒரு தகவல் என்று
நான் எழுதிவைக்கவில்லை.

எவ்வளவு நேரம் பொறுத்து
நின்றுவிட்டது என்று சொல்ல?
ஒரு விநாடி என்றால்
மேம்பாலச் சரிவில் மூச்சிரைக்க ஏறும்போதே
சுழியம் போட்டுவிடும்.
பத்து என்றால்
சைக்கிளைப் பூட்டி மின்தூக்கி பொத்தானை அழுத்தும்போதும்
கீழே பதினான்கில் போய்க்கொண்டிருப்பேன்.

நாடாவைத் திருப்பிக் கொடுக்கையில்
சரிமா கேட்டாள், நீலவேணி எப்படி இருக்கிறாள்?
பெர்த்தில் வேலை கிடைத்துவிட்டது,
வீட்டுக்குப் பின்னால் எலுமிச்சை மரம் இருக்கிறதாம் என்றேன்.
ஏழு மாதத்துக்கு முந்தைய பதில்.
சங்கிலிக்கு எண்ணெய் போடு என்பது
அவளிடமிருந்து கடைசியாக வந்த வரி.
அதற்குப் பின் நான் அனுப்பிய மூன்றுக்கும்
ஒற்றைச் சாம்பல் குறிதான்.
சரிமா, எலுமிச்சையா, நல்லது என்றாள்.

இரவு இரண்டரை விநாடி என்று எழுதினேன்.
கணக்குப்படி
மூன்று கிலோமீட்டருக்குக் கீழே ஊர்வதெல்லாம்
நின்றதாகக் கொள்ளப்படும்.
சில சமயம் அது தவறாயிருக்கும்.

ஞாயிறு, அதே சந்திப்பு, அதே சிவப்பு.
14.6
14.6
மனசுக்குள் எண்ணினேன்.
0.0

பச்சை விழுந்தது. மிதித்தேன்.
முதல் இரண்டு மூன்று மீட்டர்
அடுத்த சொடுக்கு இரண்டும் வந்து சேரும்வரை
சுழியத்தையே காட்டிக்கொண்டிருந்தது.
நான் போய்க்கொண்டிருந்தேன்.